ஒட்டுப்போட்டால் ப்ராக் ஆகாது

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் பயிற்சி அறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயருக்கு வாசிக்கிற பையன்கள் சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்து ப்ராக் ராக் (ப்ராக்ரெஸிவ் ராக், சுருக்கமாக ப்ராக்) வாசிப்பார்கள். கை சுத்தம், கொயர் பழக்கத்தால் காதும் கூர்மை. அப்படியும் வருஷா வருஷம் கிளம்பி வருகிற புது பேண்டுகள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகின்றன. ட்யூனிங் பார்க்காமல் மேடையேறுவது, கேபிளை மறந்துவிட்டு வருவது இதையெல்லாம் எழுதப்போவதில்லை. ரெண்டு தடவை திட்டினால் சரியாகிவிடும். திட்டினாலும் சரியாகாத சில இருக்கின்றன.

ஏழு எண்ணினால் போதும் என்ற நினைப்பு

"அண்ணே, இது செவன் எய்ட்டு." ஒரு சுற்றுக்கு ஏழு அடி என்று அர்த்தம். புதுப் பாட்டைப் பற்றி முதலில் வருகிற தகவல் இதுதான். மெட்டு எப்படி, யார் பாடுவது என்பதெல்லாம் அப்புறம்.

ஏழு நமக்கென்ன புதுசா? தகிட தகதிமி என்று மிஸ்ர சாபு போடாத கச்சேரி உண்டா? டேவ் ப்ரூபெக் குழு 1959லேயே 'டேக் ஃபைவ்' பாட்டை ஐந்தில் வாசித்தது. அது ஜாஸ். எண்ணிக்கையை மாற்றுவது ப்ராக்கின் குணங்களில் ஒன்று, அவ்வளவே.

பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டை (1973) எண்ணிக்கொண்டே கேளுங்கள். ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு) ஏழில் போகும், சாக்ஸபோனும் ஏழில் வரும். கிடார் சோலோ தொடங்கும்போது டிரம்ஸ் நாலுக்கு மாறும். கிடாருக்கு அங்கே மூச்சுவிட இடம் கிடைக்கிறது. நம்ம பையன்களோ சோலோவையும் ஏழிலேயே வாசிப்பேன் என்று அடம்பிடித்து, டிரம்மர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். அவர்கள் எண்ணுகிற உதடு கடைசி வரிசைவரை தெரியும்.

ரஷ் குழுவின் 'ஒய்ஒய்ஸெட்' (1981) இன்னொரு விஷயம். டொரண்டோ விமான நிலையத்தின் குறியீடு அந்த மூன்று எழுத்து. அதை மோர்ஸ் தந்திக் குறியில் தட்டினால் வருகிற நெடிலும் குறிலும்தான் பாட்டின் தொடக்கத் தாளம். அது ஐந்தில் விழுந்தது. ஐந்தில் ஒன்று போட்டாக வேண்டும் என்று உட்கார்ந்து பிடித்ததில்லை.

ஒட்டுப்போடுவது

இது ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும்.

கிங் க்ரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வந்த 1969 முதல் எழுபதுகளின் நடுப்பகுதி வரை இங்கிலாந்துப் பையன்கள் செய்ய முயன்றது இதுதான்: பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி என்கிற சின்ன வீட்டைவிட்டு ராக்கை வெளியே கொண்டுவருவது. மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இருக்கிற பெரிய கட்டுமானத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மெட்டை அறிமுகப்படுத்துவது, வேறு வாத்தியத்திடம் கொடுப்பது, வேறு சுருதிக்குக் கொண்டுபோவது, கடைசியில் மாறிய முகத்தோடு திரும்பக் கூட்டிவருவது. இது இல்லாமல் துண்டுகளை மட்டும் அடுக்கினால் நீளம் வரும், பாட்டு வராது.

எங்கள் அறைக்கு வந்துகொண்டிருந்த ஒரு செட்டிடம் பதினாறு நிமிஷப் பாட்டு இருந்தது. கிடாரிஸ்ட் ஒரு மெட்டல் ரிஃப், கீபோர்டுக்காரன் பாக் சாயலில் ஒரு பியானோத் துண்டு, பாஸ்காரன் ஒரு ஃபங்க், இப்படி ஆளுக்கொன்று கொண்டுவந்து மொத்தம் ஆறு துண்டு. எது முதலில், எது பின்னால் என்பதை வாட்ஸ்ஆப் குரூப்பில் ஓட்டெடுத்து முடிவுசெய்தார்கள். ஒரு துண்டு முடிந்தால் சிம்பலில் ஒரு 'ஷ்ஷ்ஷ்', அப்புறம் அடுத்தது. "மக்கா, இதுல எந்தத் துண்டுக்கும் மத்தது சொந்தமில்லலே" என்றேன். "ப்ராக்னா அப்படித்தானே அண்ணே இருக்கும்" என்று பதில் வந்தது.

திருவனந்தபுரத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு ஸ்டூடியோ பிடித்துப் போனோம். முதல் துண்டை வாசித்து முடித்ததும் இன்ஜினியர் அதைச் சேமித்துவிட்டு, "அடுத்த பாட்டு எடுக்கட்டே?" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை. மெய்யாகவே ஆறு பாட்டு என்று நினைத்து ஆறு ஃபைல் திறந்து வைத்திருந்தார். அதன்பிறகு அதையெல்லாம் ஒன்றாக்கும் வேலை. முதல் துண்டின் வேகம் நிமிஷத்துக்கு 92 அடி, அடுத்தது 141. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தக் கணக்கும் இல்லாததால், இணைப்பு வருகிற ஒவ்வொரு இடத்திலும் டிரம்ஸைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. புது கீபோர்டுக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் அந்த இணைப்புகளிலேயே கரைந்தது. பாடகனுக்கு மொத்தம் நாலு வரி. அதைப் பாட அவன் ராத்திரி பதினோரு மணிவரை சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

இத்தனைக்கும் 141 என்பதை 138 ஆக்கியிருந்தால் பாதித் தொல்லை இல்லை. 92 வேகத்தில் இரண்டு அடி போகிற நேரத்துக்குள் மூன்று சம அடியை ஹை-ஹாட்டில் (டிரம்ஸின் ஜோடிச் சிம்பல்) வைத்துப் பாருங்கள். அந்த மூன்றின் வேகம் சரியாக 138. நாலு பார் (தாளச் சுற்று) அப்படி ஹை-ஹாட் ஓடினால், புது வேகம் எப்போது வந்தது என்றே கேட்கிறவனுக்குத் தெரியாது.

ஜெனிசிஸ் குழுவின் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' (1973) ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். டோனி பேங்க்ஸின் பியானோவில் தொடங்குகிறது. பாட்டு நடுவில் புல்லாங்குழல் ஒரு மெட்டை மெதுவாக வாசித்துவிட்டுப் போய்விடும். பிறகு தொடக்கத்துப் பியானோப் பகுதியையே முழு பேண்டும் சேர்ந்து வாசிக்கும், இந்த முறை சிந்தசைசரில். அது முடிந்ததும் ஸ்டீவ் ஹேக்கெட் கிடாரில் எடுப்பது அந்தப் புல்லாங்குழல் மெட்டைத்தான், இழுத்து, விரித்து. அங்கே புல்லரிப்பதற்குக் காரணம் அவர் விரல் வேகம் இல்லை, மெட்டு நமக்கு ஏற்கெனவே பழக்கம்.

இங்கிலாந்துவரை போகவேண்டாம் என்றால் எல்லை தாண்டிக் கேரளக் கோயில் உற்சவத்துக்குப் போய்ப் பஞ்சாரி மேளம் கேளுங்கள். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அடுத்தது 48, பிறகு 24, 12, கடைசியில் 6. சுற்று பாதி பாதியாகச் சுருங்க, வேகம் ஏறிக்கொண்டே போகும். மணிக்கணக்கில் நின்று கேட்கிற கூட்டம் கலையாது. மேளம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது எல்லோருக்கும் உடம்பிலேயே தெரியும்.

உங்கள் பாட்டைச் சோதிக்க ஒரு வழி. மூன்றாவது துண்டையும் ஐந்தாவது துண்டையும் இடம்மாற்றி வாசித்துப் பதிவுசெய்து, வெளியாள் ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது ஒட்டுப்போட்டதுதான். எட்டு ஸ்வரத்தில் ஒரே ஒரு மெட்டைப் பிடித்து, அதையே பாஸில் பாதி வேகத்தில் வாசித்துப் பார்ப்பதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

நீளம்

எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷத்தை ஒட்டித்தான் பிடிக்கும். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) பதினெட்டரை நிமிஷத்துக்கு ஒரு பக்கம் முழுக்க ஓடியது. அதே வருஷம் ஜெத்ரோ டல் குழுவினர் ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் போட்டார்கள். உங்களுக்குத் தட்டும் இல்லை, நிரப்பவேண்டிய பக்கமும் இல்லை.

மெலட்ரான் பொத்தான்

மெலட்ரான் என்பது டேப்பில் பதிந்த சத்தத்தை வாசிக்கிற பழைய கீபோர்டு. இப்போது பல கீபோர்டுகளில் அந்தச் சத்தம் பொத்தானில் வருகிறது. அமுக்கிய விரலை ஒரு நிமிஷத்துக்கு எடுக்கமாட்டேன் என்கிறார்கள். அசல் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப். சுமார் எட்டு நொடி ஓடும், தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் டேப் பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால் வாசித்தவர்கள் கார்டை (சேர்த்து அமுக்கும் ஸ்வரங்களை) மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பழைய பாட்டுகளில் கேட்கிற அசைவு அதிலிருந்து வந்தது. எட்டு நொடிக்குமேல் பிடிக்காதீர்கள்.

நம்ம ஊர்ச் சாயம்

நடுவில் முப்பது நொடி செண்டை சாம்பிள் போட்டுவிட்டு 'கர்நாட்டிக் ப்ராக்' என்கிறார்கள். கொச்சி பேண்டான மதர்ஜேனின் 'மக்தூப்' (2008) ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கிடாரைக் கேளுங்கள். கம்பியை இழுக்கிற இழுப்பிலேயே கமகம் இருக்கும்.

கதை

ஒரே கதையை ஆல்பம் முழுக்கச் சொல்கிற கான்செப்ட் ஆல்பம் அப்புறம். முதலில் ஒரு பாட்டு.

சோலோ

எட்டு பார் போதும்.

மேடை நேரம்

நெய்யாற்றின்கரை ஆனாலும் நாகர்கோவில் ஆனாலும், கல்லூரிப் போட்டிகளில் பெரும்பாலும் கொடுக்கிற நேரத்தில் பிளக் மாட்டுவதும் சவுண்ட் செக்கும் அடக்கம். பெரிய பாட்டுக்கு ஆறு நிமிஷ வடிவம் ஒன்று கையில் இருக்கட்டும். எந்த பார்-இலிருந்து எந்த பார்-க்குத் தாவுவது என்பதை டிரம்மரும் பாஸ்காரனும் முந்தின நாளே முடிவுசெய்து, காகிதத்தில் எழுதி ஸ்னேர் ஸ்டாண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் கூடிப் பேச வேண்டாம், ஜட்ஜுகளுக்கு எல்லாம் கேட்கும்.