தினதியானம்: ஆர்வக் கோளாறில் நடக்கும் தவறுகள்

தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கும் தினதியானத்தைப் பாதியில் விடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. ஆரம்பத்தில் ஆர்வம் மிஞ்சிப்போனதால் விட்டவர்கள்தான் அதிகம். ஜனவரி முதல் தேதி, ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்துவிடுவதாகத் தீர்மானம். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு. ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் திரைகளும் வரும்போது வேகம் குறையும். மாதக் கடைசியில், பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம். அங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு வாரம் விட்டால் இருபது அதிகாரத்துக்கு மேல் பாக்கி சேரும். அந்தப் பாக்கியை நினைத்தே புத்தகத்தைத் திறக்க மனம் வராது.

பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். வருடக்கணக்கே ஒத்துவரவில்லையா, சரி, மாற்கு சுவிசேஷத்துக்கு வாருங்கள். 16 அதிகாரம்தான். தினம் ஒன்றாக நிதானமாக வாசிக்கலாம்.

அடுத்தது, வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்வது. எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடித்த வாக்குத்தத்தம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். வேலைக்கு விண்ணப்பித்தவரும் பரீட்சை எழுதியவரும் அதை உரிமை கொண்டாடுவார்கள். ஆனால் அது எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று ஜனங்கள் கேட்க விரும்பியதைச் சொல்லியிருந்தான். எரேமியாவின் கடிதமோ வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. 10-ம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைப் பார்த்திருக்கவே முடியாது. 11-ம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறவர், கர்த்தருடைய பெயரால் அனனியாவின் செய்தியை நம்பிக்கொண்டிருக்கிறார். வேலை கிடைக்காதபோது விசுவாசமும் ஆட்டம் காண்கிறது. பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று எழுதின பவுல் அப்போது சிறைக்காவலில் இருந்தார். பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்பது அதற்கு முந்தைய வசனம். வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் அந்த அதிகாரத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஜெபத்தில் நல்ல பிள்ளையாக நடிப்பது இன்னொன்று. மனதுக்குள் கோபமும் சலிப்பும் இருக்க, வாய் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் நேரடியாகக் கேட்கிறது. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

களைப்பையெல்லாம் ஆவிக்குரிய குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கோரினபோது அவருக்குப் பிரசங்கம் எதுவும் கிடைக்கவில்லை. தூக்கம், அடை, தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அப்புறம்தான். நான்கு மணி நேரமே தூங்கிவிட்டு அதிகாலை ஜெபத்தில் கண் சொருகுகிறது என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர் முதலில் சீக்கிரம் படுக்கப் போகலாம்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நடக்கும் ஊர்வம்பும் உண்டு. "அவங்க குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, யாருக்கு யாரோடு சண்டை என்பது வரை வந்துவிடும். பெயரும் விவரமும் இல்லாமலே ஜெபிக்கலாம், கர்த்தருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிற தவறு, வளர்ச்சியைத் தப்பான இடத்தில் அளப்பது. எத்தனை அதிகாரம், எத்தனை நிமிடம், எத்தனை உபவாசம் என்று எண்ணுகிறோம். இயேசு சொன்ன உவமையில், வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிற பரிசேயனும் (யூத மதப் பிரிவினன்) இப்படித்தான் எண்ணினான். கலாத்தியர் 5-ல் வரும் ஒன்பது ஆவியின் கனிகளில் நீடியபொறுமை, தயவு, சாந்தம் எல்லாம் கூட இருக்கிறவர்களிடம்தான் வெளிப்படும். அதனால் அவர்களையே கேளுங்கள்: "இப்போ நான் முன்னைவிடக் குறைவாகக் கத்துகிறேனா?" பதில் வரத் தாமதமானால் அதுவும் பதில்தான்.

காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் குறை நினைவுக்கு வருவதைச் சொல்லும் மத்தேயு 5:23-ஐயும் கவனமாக வாசியுங்கள். அது நமக்கு அடுத்தவர் பேரில் இருக்கும் குறையைப் பற்றியது அல்ல, அவருக்கு நம் பேரில் இருக்கும் குறையைப் பற்றியது. அப்படி ஒருவர் தியான நேரத்தில் நினைவுக்கு வந்தால், வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு அவருக்குப் போன் செய்யலாம். மிச்ச அதிகாரத்தைத் திரும்பி வந்து வாசித்துக்கொள்ளலாம்.