வான் கோவின் ஆலிவ் குன்றைப் பார்த்து வரைவோம்

தெற்கு பிரான்சின் சான் ரெமி மனநல மருத்துவமனையில் தங்கியிருந்த வின்சென்ட் வான் கோ, 1889 ஜூனில் அருகிலிருந்த அல்பீய் குன்றுகளைப் பின்னணியாகக் கொண்டு வரைந்த ஆலிவ் தோப்பு ஓவியம், இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரிகைத் தடங்கள் எல்லாம் வெளிப்படையாகத் தெரிவதால், முதன்முதலாக நிலக்காட்சி வரைபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். பார்த்து வரையக் கூச்சப்பட வேண்டியதில்லை; பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளில் பார்த்து, நிறங்களைத் தாமே முடிவு செய்து, வான் கோவும் அந்த மருத்துவமனையில் வரைந்திருக்கிறார்.

மூல ஓவியம் 72.6 × 91.4 செ.மீ., அதாவது ஏறத்தாழ 4:5 விகிதம் என்பதால், 8 × 10 அங்குல கேன்வாஸ் போர்டு சரியாகப் பொருந்தும். அக்ரிலிக்கில் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் மஞ்சள், ஒரு பச்சை போதும். கறுப்பு வேண்டாம்.

முதலில் ஓவியத்தின் பிரதி ஒன்றை அச்செடுத்து, தூரிகை எந்தத் திசையில் ஓடியிருக்கிறது என்பதைச் சிவப்புப் பேனாவால் அம்புக்குறிகளாகப் போடுங்கள். தரை அலையலையாக ஓடும். அடிமரம் முறுக்கிக்கொண்டு ஏறும். குன்றின் கோடுகள் முகட்டின் வளைவையே பின்தொடரும். கோடுகள் பழைய மரச்செதுக்குப் படங்களில் உள்ளவைபோல முறுக்கேறியிருப்பதாக அவரே தம்பி தியோவுக்கு எழுதினார். இதற்கு அரை மணி நேரம் செலவிட்டாலும் தகும்.

அடுத்து, போர்டு முழுவதும் நீர்த்த ஓக்கரைப் பூசிக் காயவிட்டு, வானம், குன்று, தோப்பு ஆகிய மூன்று பகுதிகளையும் மெல்லிய நீலக் கோட்டால் பிரித்துக்கொள்ளுங்கள்.

வானத்தில் தொடங்கி முன்புறம் நோக்கி வாருங்கள். குன்றுக்கு அல்ட்ராமரினில் வெள்ளையைக் கூட்டியும் குறைத்தும் மூன்று நீலங்களை முன்பே கலந்துவைத்து, தட்டை பிரஷ்ஷில் சாயத்தைத் தாராளமாக எடுத்து, அம்புக்குறி காட்டும் திசையில் ஒரே இழுப்பாக இழுத்து, இடையிடையே அடியிலுள்ள ஓக்கர் தெரியும்படி விடுங்கள். இழுத்த தடத்தை மறுபடி தொடக் கூடாது. என் முதல் முயற்சியில் ஈர பிரஷ்ஷால் தடங்களையெல்லாம் நீவிவிட்டேன். குன்று, டிஸ்டெம்பர் அடித்த சுவராகிவிட்டது. முகட்டின் அடர்நீலக் கோட்டைக் கடைசியில் வரையுங்கள்.

ஆலிவ் இலை நீலம் கலந்த சாம்பல் பச்சை. வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் லெமன் மஞ்சளைச் சிறு வளைவுகளாக வையுங்கள்.

அது காய்ந்ததும், உங்களுக்குத் தெரிந்த ஒரு குன்றின் புகைப்படத்தை எடுத்து, சாயத்தைப் பிழிவதற்கு முன் அதன்மேலும் அம்புக்குறிகளைப் போட்டுப் பாருங்கள்.