சேர்ந்து வாழ இடம் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து திருவையாறு, கும்பகோணம் பக்கம் இடம் வாங்கி, தனித்தனி வீடு, பொதுச் சமையல் என்று வாழத் திட்டமிட்டால் பேச்சு நேராகச் சங்கமா, டிரஸ்ட்டா, கம்பெனியா என்று போய்விடும். ஒருவர் இறந்தால், அல்லது விலக நினைத்தால், அவர் பங்கு யாருக்குப் போகும்? முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான்.

அதைப் பேசாமல் எல்லார் பெயரையும் ஒரே கிரயப் பத்திரத்தில் போட்டுவிடுவது பெரிய தவறு. கூட்டுப் பட்டா கிடைத்துவிடும், சரி. ஆனால் பங்குதாரர் எவரும் தன் பிரிபடாத பாகத்தை வெளியாருக்கு விற்கலாம். பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் அதே உரிமை. ‘வெளியாருக்கு விற்கவே கூடாது’ என்று முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், 10ஆம் பிரிவு, இப்படிப்பட்ட முழுத் தடையை ஏற்பதில்லை. ‘விற்பதானால் முதலில் எங்களைக் கேட்க வேண்டும், விலையை இப்படிக் கணக்கிட வேண்டும்’ என்று எழுதிப் பதிவு செய்வது எவ்வளவோ மேல்.

பணம் எல்லாரும் போட்டு, பத்திரம் மட்டும் ‘நம்ம அண்ணன்’ பெயரில் என்றால் பினாமிச் சட்டத்தில் மாட்ட நேரிடும். 2016 திருத்தத்துக்குப் பின் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். செலவு குறைவு என்று நிலத்தையும் சங்கத்தின் பெயரிலேயே வாங்கினால், விலகுகிறவர் கையில் விற்க எதுவும் இருக்காது. வீட்டுக்கடனுக்கு வங்கியில் காட்டவும் சொந்தப் பத்திரம் இராது. கம்பெனியில் பங்கு கைமாறுவதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் வருமானமே இல்லாவிட்டாலும் வருடாவருடம் தணிக்கை, கணக்குத் தாக்கல். நாலு குடும்பத்துக்கு அது வீண் சுமை.

என்னைக் கேட்டால், வீட்டுமனை அவரவர் பெயரில், கூடமும் கிணறும் பொதுப்பாதையும் சங்கத்தின் பெயரில். இதற்கு மனைப்பிரிவு அங்கீகாரம் வேண்டும். நஞ்சையைக் கயிறு பிடித்து நாமே பிரித்துக்கொண்டு போனால், பதிவு அலுவலகத்தில் மனையாகப் பதிய மாட்டார்கள்.

டெல்டாவில் இன்னொன்றும் உண்டு: அடிமனை, அதாவது வீடு நிற்கும் மண். பழைய அக்ரகார வீடு மலிவாகக் கிடைக்கிறது என்றால், மண் கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். விற்கிறவருக்குக் கட்டடம் மட்டுமே உரிமை. அறநிலையத் துறை ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அறநிலையச் சட்டப்படி செல்லாது. சங்கமோ கம்பெனியோ, எது வாங்கினாலும் இதுதான் நிலை. வில்லங்கச் சான்றோடு நிற்காமல், தாய்ப்பத்திரத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் (எந்த நிலம் யாருடையது என்று காட்டும் கிராமக் கணக்கு) பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.