பூஞ்சை பிடித்த சுவடிகளை மீட்ட கதை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் சிறு காட்சியகத்துக்குப் புதுச் சுண்ணாம்புப் பூச்சு தேவைப்பட்டது. குத்துவிளக்குகள், ஜப்பான் ஆட்சிக் காலத்து வாழைமரப் படம் போட்ட பணநோட்டுகள், ஓலைச்சுவடிகள் எல்லாம் பக்கத்துத் தெரு வாடகை அறைக்குப் போயின.

தூக்கிப் போவது பெரிய வேலையில்லை. பினாங்கின் ஈரக்காற்றுதான் தலைவலி. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை வந்துவிடும். பூச்சு வேலைக் குத்தகைக்காரரின் ஆட்கள் சுவடிகளையும் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் வியர்த்து, கயிற்றோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

வெயிலில் போடச் சொன்னார் ஒரு பெரியவர். "வேண்டாம் ஐயா, ஓலை முறுகி வெடிச்சிடும்" என்றேன். ஏசி அறையில் மெல்ல உலரவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு மென்தூரிகையால் ஓலை ஓலையாகத் துடைத்தேன். பொறுமை சோதிக்கும் வேலை! பிறகு அமிலமற்ற தாள், கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணி, இறுக மூடும் பெட்டி. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் மாற்றினேன். ஈரமானி 55 பக்கமே நின்றது.

பொருள்களின் அடையாள எண்களை ஒட்டவில்லை, அட்டையில் பென்சிலால் எழுதிக் கட்டினேன். பசை நோட்டுகளைக் கெடுத்துவிடும்.

திரும்பக் கொண்டுவர அவசரப்படுத்தினார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவர் நெடுநாள் ஈரம் விடும் என்று சொல்லி நிறுத்திவைத்தேன். சுவர் நன்றாகக் காய்ந்தபின் விளக்குகள் முதலில் ஏறின, சுவடிகள் கடைசியில்.