கொனமாரா வரையலாம், பச்சை ட்யூப் இல்லாமல்

அயர்லாந்து என்றதும் கை நேராகப் பச்சை ட்யூபுக்குத்தான் போகும், விடாதீர்கள். நாம் வரையப்போவது மேற்கே கால்வே பக்கம் இருக்கிற கொனமாரா. அங்கே சதுப்பு நிலம் பழுப்பு, மலை நீலம், வானம் பெரும்பாலும் மழை சுமந்த சாம்பல். பச்சை ஊறுகாய் அளவுக்குத்தான்.

12க்கு 16 அங்குல கான்வாஸ் போர்டு, முரட்டு முடி வைத்த தட்டை பிரஷ் இரண்டு, பேலட் கத்தி, டர்பென்டைன், ஆளிவிதை எண்ணெய், பழைய துணி. எண்ணெய் வண்ணம் ஐந்து போதும்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், லெமன் யெல்லோ.

முதலில் பர்ன்ட் சியன்னாவை டர்பென்டைனில் கட்டஞ்சாயா மாதிரி கரைத்து, போர்டு முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். அப்புறம் அடிவானக் கோடு, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். 1910இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள அக்கில் தீவுக்குப் போய்ப் பல வருடம் தங்கிவிட்ட ஓவியர் பால் ஹென்றியின் படங்களைத் தேடிப் பாருங்கள், பலவற்றில் பாதிக்கு மேல் மேகம்தான்.

சரி, வானம். அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னாவும் வெள்ளையும் சேர்ந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. இரண்டையும் தனித்தனியாகக் கலந்து வைத்துக்கொண்டு, மேகத்துக்கு ஓரக்கோடு எதுவும் போடாமல், கையை முழங்கையிலிருந்து வீசி சாய்வாக அப்புங்கள். அடியில் போட்ட செம்பழுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கட்டும். மழை வேண்டுமா? ஈரம் காய்வதற்குள் வெறும் பிரஷ்ஷை மேகத்தின் அடியில் வைத்து மலைவரை சாய்வாக ஒரே இழுப்பு. மறுபடி தொட்டால் சேறுதான். அப்படித் தொட்டுத் தொட்டு ஒரு முழு வானத்தையே நான் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

கொனமாராவின் ட்வெல்வ் பென்ஸ் மலைகளுக்கு அதே சாம்பலில் நீலத்தைக் கூட்டுங்கள். உச்சி குவார்ட்சைட் பாறை என்பதால் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

சதுப்புக்குக் கத்தி. சியன்னாவும் ஆக்கரும் முழுசாகக் கலக்காமல், படுக்கைவாட்டில் கனமாக இழுங்கள். அடுப்பெரிக்க பீட் மண்ணை (சதுப்பில் செடிகள் மக்கி உண்டானது) வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். வானத்தின் வெளிர் சாம்பலைக் கத்தி விளிம்பில் எடுத்து ஒரு கீறல் கீறினால் அந்தத் தண்ணீர் வந்துவிடும். பச்சை கடைசியில்: லெமன் யெல்லோ, அல்ட்ராமரைன், துளி சியன்னா. நாலு திட்டு போதும்.

வண்ணத்தில் கலக்க, கீழ் அடுக்குக்கு டர்பென்டைன், மேல் அடுக்குகளுக்குப் போகப்போக எண்ணெய். மாற்றிச் செய்தால் பின்னால் வண்ணம் விரிசல் விடும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள். வார்னிஷுக்குக் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும், கத்தியில் அப்பிய இடங்களுக்கு இன்னும் கூட.