லேப் இல்லாமல் அதிகுளிர் பிளாஸ்மா: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஒரு வழி

போன டிசம்பரில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவன் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "மேடம், அதிகுளிர் பிளாஸ்மாவில்தான் புராஜெக்ட் பண்ணணும். ஆனா நம்மகிட்ட லேசரும் இல்ல, வேக்குவம் பம்பும் இல்லையே?" என்றான். நாகமலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் அவையெல்லாம் இல்லை என்பது உண்மைதான். அதிகுளிர் பிளாஸ்மா என்பது, லேசரால் மிகவும் குளிரவைத்த அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தால் கிடைக்கும் அயனி, எலக்ட்ரான் கலவை. ஆனால் இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றை ஒரு பழைய லேப்டாப்பிலும் ஒரு கைப்பிடிக் கடுகிலும் பார்த்துவிடலாம். அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உண்மையான லேபில் என்ன நடக்கிறது என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். 1999-இல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில், நிஸ்ட் என்ற அரசு ஆய்வகத்தில், தாமஸ் கில்லியனும் கூட இருந்தவர்களும் செனான் அணுக்களை லேசரால் குளிரவைத்து, இன்னொரு லேசர் துடிப்பால் எலக்ட்ரான்களைப் பிரித்து, முதல் அதிகுளிர் நடுநிலை பிளாஸ்மாவை உண்டாக்கினார்கள். பிற்பாடு கில்லியன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரான்ஷியத்துக்கு மாறினார். உங்கள் புராஜெக்ட்டுக்கும் ஸ்ட்ரான்ஷியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ருபீடியம் அணுவைக் குளிரவைப்பது சுலபம், ஆனால் அது அயனியான பிறகு எலக்ட்ரான் நிரம்பிய மூடிய கூடுதான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் அதைப் படம் பிடிக்க முடியாது. ஸ்ட்ரான்ஷியம் அயனியிடம் வெளிக்கூட்டில் இன்னும் ஒரு எலக்ட்ரான் இருப்பதால் 422 நானோமீட்டர் ஒளியை அது உறிஞ்சும். உறிஞ்சும் கோடு எவ்வளவு அகலம் என்று பார்த்தே அயனிகளின் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். 461 நானோமீட்டர் லேசர் அணுக்களை ஏறத்தாழ 10 மில்லிகெல்வினுக்குக் குளிரவைத்துப் பொறியில் பிடித்து வைக்கிறது. அந்த லேசரே கிளர்த்திவிட்ட அணுக்கள் மீது 412 நானோமீட்டர் பக்கத்தில் சுமார் 10 நானோ நொடித் துடிப்பு ஒன்று விழுகிறது. அதில் எலக்ட்ரான் பிய்ந்து வருகிறது.

இங்கே முதல் கணக்கு. கிளர்ந்த நிலையிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையான ஒளியின் அலை எண், அதாவது ஒரு நீளத்துக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, சென்டிமீட்டருக்கு 24,234. வெற்றிடத்தில் இது 412.65 நானோமீட்டர். இதற்கு மேல் கொடுக்கும் ஆற்றல் அநேகமாக முழுவதும் எலக்ட்ரானுக்கே போகும். அயனி கனமானது, அதை அது அசைக்காது. 21 அலை எண் கூடுதலாகக் கொடுங்கள். ஒரு அலை எண் 1.44 கெல்வினுக்குச் சமம் என்பதால் அது 30 கெல்வின். அதை ஒன்றரையால் வகுத்தால் எலக்ட்ரான் வெப்பநிலை 20 கெல்வின். அலைநீளத்தில் பார்த்தால் 412.65-இலிருந்து 412.29-க்கு நகர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். எலக்ட்ரான் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்பதை லேசரின் நிறத்தை வைத்தே முடிவு செய்யலாம் என்பது எனக்கு இன்றும் அதிசயமாக இருக்கிறது.

அடுத்தது அடர்த்தி. கன சென்டிமீட்டருக்கு 100 கோடி அயனிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அயனிக்குப் பங்காக வரும் கோளத்தின் ஆரம் 6.2 மைக்ரோமீட்டர். 16.7-ஐ இந்த ஆரத்தால் (மைக்ரோமீட்டரில்) வகுத்தால், பக்கத்து அயனியோடு இருக்கும் மின் ஆற்றல் கெல்வினில் வந்துவிடும்: 2.7 கெல்வின். இதை வெப்பநிலையால் வகுத்தால் வருவதுதான் இணைப்பு எண் காமா. என் மாணவன் இந்த இடத்தில் கன சென்டிமீட்டரைக் கன மீட்டராக்காமல் விட்டுவிட்டான். 10 லட்சத்தால் பெருக்க மறந்ததால் 2.7-க்குப் பதில் 0.027 வந்தது. இரண்டு நாள் தேடினோம். நீங்கள் அடர்த்தியை எழுதும் போதெல்லாம் பக்கத்திலேயே அலகையும் எழுதிவிடுங்கள்.

அயனிகள் 10 மில்லிகெல்வினில் இருந்தால் காமா 270. ஒரே வகை மின்துகள் பிளாஸ்மா காமா 175 பக்கத்தில் படிகமாக உறையும் என்பது கோட்பாடு. அப்படியானால் நம் பிளாஸ்மா உறைந்திருக்க வேண்டுமே? உறையாது. ஏன் என்று காட்டுவதுதான் உங்கள் புராஜெக்ட்.

இதற்குக் கடுகு வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு வெள்ளைத் துணியை வெட்டி நனைத்துப் பிழியுங்கள். ஈரம் இல்லையென்றால் கடுகு உருண்டு ஓடும், கணக்கு கெடும். 100 கடுகை எண்ணி, ஒரு முழம் உயரத்திலிருந்து தூவுங்கள். வெளியே விழுந்தவற்றை மறுபடி தூவுங்கள். பிறகு ஒவ்வொரு கடுகுக்கும் மிக நெருங்கிய கடுகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து சராசரி எடுங்கள். 1 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அதே 100 கடுகைக் கட்டம் போட்டு அடுக்கினால் எல்லாவற்றுக்கும் 2 சென்டிமீட்டர். தூவிய துணியில் சில ஜோடிகள் ஒட்டிக்கொண்டே கிடக்கும், சில இடம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த ஒட்டிய ஜோடிகளை நன்றாகப் பாருங்கள்.

எங்கள் தெருவில் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். புள்ளி குத்திய துணியை மடியில் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றி இறுக்குவார். புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கும்வரை கை ஓடிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது அச்சு பிசகி இரண்டு புள்ளி நெருங்கிவிட்டால், "நகம் வைக்க எடமில்ல, ஒன்னு இன்னொன்ன இழுக்குது" என்பார். சுங்குடியில் துணி இழுக்கிறது. பிளாஸ்மாவில் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. எப்படியிருந்தாலும் நெருக்கம் சும்மா இருக்க விடாது. அணுவாக இருக்கும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் பிரச்சினையில்லை. அயனியான அந்த நொடியில், கடுகு மாதிரி கண்டபடி கிடந்தவை ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். தள்ளிய ஆற்றல் வேகமாகிறது. இதற்கு ஒழுங்கின்மைச் சூடேற்றம் என்று பெயர்.

சரி, இதை இப்போது பைத்தானில் எழுதுங்கள். தூரத்துக்கு அந்த 6.2 மைக்ரோமீட்டரை அலகாக வையுங்கள். நேரத்துக்கு அயனிப் பிளாஸ்மா அதிர்வெண்ணின் தலைகீழ், நம் அடர்த்தியில் ஸ்ட்ரான்ஷியத்துக்கு 0.22 மைக்ரோ நொடி. இந்த அலகில் விசையை மூன்றால் வகுத்தால்தான் முடுக்கம் வரும். அந்த மூன்றை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எலக்ட்ரான்களைத் தனித்தனியாகப் போட வேண்டாம், லேப்டாப் தாங்காது. அவை அயனிகளின் விசையை மறைக்கும் திரையாக மட்டும் வந்தால் போதும்: 20 கெல்வினில் டிபை நீளம் (எவ்வளவு தூரத்தில் இந்தத் திரை விசையை மறைக்கிறது என்பது) 9.8 மைக்ரோமீட்டர். நம் 6.2-ஐ இதால் வகுத்தால் வரும் எண் கப்பா, 0.63. கூலூம் ஆற்றலோடு exp(-கப்பா × தூரம்) என்ற அடுக்குக்குறிச் சரிவைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 432 அயனிகள் போடுங்கள், ஓரம் தாண்டினால் எதிர்ப்பக்கமாக உள்ளே வரட்டும். பெட்டியின் பக்கம் 12.2 அலகு. இடங்களை ரேண்டமாக எடுங்கள், வேகம் எல்லாவற்றுக்கும் சுழி. ஒவ்வொரு நேரப் படியும் 0.001 அலகுக்கு மேல் வேண்டாம். ஒட்டிப் பிறந்த ஜோடிகள் பெரிய படியில் பெட்டியையே சிதறடித்துவிடும். மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பாருங்கள். மாறினால் கிராஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள். வேக வர்க்கத்தின் சராசரியை 2.7-ஆல் பெருக்கினால் அதுவே கெல்வினில் வெப்பநிலை.

ஓடவிட்டால், இரண்டு அலகு நேரத்துக்குள், அதாவது அரை மைக்ரோ நொடிக்கும் குறைவாக, வெப்பநிலை சுமார் 1 கெல்வினுக்கு ஏறி, கொஞ்சம் ஊசலாடி நிற்கும். காமா இரண்டு, மூன்றுக்கு விழுந்துவிடும். மில்லிகெல்வின் வரை குளிரவைத்த உழைப்பெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டது. ஸ்ட்ரான்ஷியத்தில் இந்தச் சூட்டையும் ஊசலையும் ரைஸில் 2004-இல் அளந்தே பார்த்தார்கள். அதன் பிறகும் விடவில்லை. 2019-இல் அயனிகளையே லேசரால் குளிரவைத்து 50 மில்லிகெல்வினுக்குக் கொண்டுபோனார்கள். இதை ரிப்போர்ட்டின் முன்னுரையில் கட்டாயம் எழுதுங்கள்.

விரிவதைப் பற்றி ஒரு பக்கம் போதும். 1 மில்லிமீட்டர் அகலமுள்ள மேகம், எலக்ட்ரான் அழுத்தத்தால் நொடிக்கு 43 மீட்டர் வேகத்தில் ஊதும். 40 மைக்ரோ நொடியில் அகலம் 2 மில்லிமீட்டர், அடர்த்தி எட்டில் ஒரு பங்கு. எலக்ட்ரான்கள் ஏன் ஓடிவிடவில்லை என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். 30 கெல்வின் ஆற்றலுள்ள எலக்ட்ரானைப் பிடித்து நிறுத்த, ஈடுகட்ட எலக்ட்ரான் இல்லாத 2,250 அயனிகள் போதும். நம் மேகத்தில் இருப்பது 1 கோடியே 57 லட்சம். முதலில் ஒரு சின்னக் கூட்டம் வெளியேறும். மீதியை அது விட்டுச்சென்ற நேர்மின்னூட்டமே கட்டிப்போடும்.

கடைசி ஓட்டம் ஒன்று பாக்கி. அதே 432 அயனிகளை இந்த முறை உடல்மையக் கனசதுரப் படிகமாக அடுக்குங்கள்: பக்கத்துக்கு ஆறு அறை, அறைக்கு இரண்டு அயனி. 432 என்று சொன்னது இதற்காகத்தான். வேறு எதையும் மாற்றாமல் ஓடவிட்டு, இரண்டு கோடுகளையும் ஒரே கிராஃபில் போடுங்கள். என் மாணவன் இதைப் போட்ட அன்று சாயங்காலம் லேபைப் பூட்ட வந்த அண்ணனை இன்னும் கால் மணி நேரம் பொறுக்கச் சொன்னோம். தூவிய கோடு 1 கெல்வினுக்கு ஏறி நின்றது. அடுக்கிய கோடு தரையை விட்டு எழவே இல்லை.