பள்ளி ஃபுட்பாலின் எதிர்காலத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கோடை முடிந்து குளிர் தொடங்கும்வரை, வெள்ளிக்கிழமை இரவு என்றாலே பல சிற்றூர்களில் பாதி ஊர் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில்தான் இருக்கும். நாம் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் அங்கே சாக்கர்; அவர்கள் ஃபுட்பால் என்பது, தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்த இருபத்திரண்டு பேர், பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை மோதிச் சாய்க்கும் ஆட்டம். டெக்சஸ் மாநிலத்தின் ஆலன் நகரில் ஒரே ஒரு பள்ளிக்காக 2012ஆம் ஆண்டு ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் அரங்கம் கட்டினார்கள் என்றால், இந்த ஆட்டத்தின் மீது அவர்களுக்கு உள்ள பற்று புரியும். கட்டிய இரண்டே ஆண்டுகளில் கான்கிரீட் விரிசல் விட்டு அரங்கத்தை மூடிச் செப்பனிட நேர்ந்தது தனிக் கதை.

தலையில் விழும் அடிகள் மூளையைக் கெடுக்கும் என்ற அச்சத்தால், இந்த ஆட்டம் இன்னும் ஒரு தலைமுறை தாண்டுமா என்ற கேள்வி பதினைந்து ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அழியப்போகிறது என்பவர்களும், எல்லாம் வீண் பயம் என்பவர்களும் பெரும்பாலும் ஒரே வகைத் தவறுகளையே செய்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இது வெறும் வாதமாக இல்லாமல், ஒன்பதாம் வகுப்பில் மகன் நீட்டும் அனுமதிப் படிவமாகவே வந்து நிற்கக்கூடும் என்பதால், அந்தத் தவறுகளைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதல் தவறு, பங்கேற்பு எண்ணிக்கையை ஒரே கோடாக வாசிப்பது. மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. பதினொருவர் ஆட்டத்தில் 2008-09 கல்வியாண்டை ஒட்டி 11 லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை, 2018-19இல் சுமார் 10 லட்சத்து 6 ஆயிரமாகி, கொரோனாவுக்குப் பிந்தைய 2021-22இல் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அத்தோடு கதை முடிந்தது என்று எழுதியவர்களுக்கு மறுப்பாக, 2022-23இல் அது மீண்டும் 10 லட்சத்தைத் தாண்டியது. 2013க்குப் பிறகு அதுவே முதல் ஏற்றம். உச்சத்திலிருந்து பார்த்தால் சரிவு, அண்மை ஆண்டுகளை மட்டும் பார்த்தால் மீட்சி. எந்த ஆண்டை எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ற தலைப்புச் செய்தி கிடைத்துவிடும். இத்தனை இறக்கத்துக்குப் பிறகும் ஆண் மாணவர்கள் மிக அதிகமாக ஆடும் பள்ளி விளையாட்டு இதுதான் என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

குறைவுக்கு எல்லாம் மூளைக் காயமே காரணம் என்று எண்ணுவதும் இதை ஒட்டிய பிழைதான். பெற்றோரின் அச்சம் பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நெப்ராஸ்கா, கான்சாஸ் போன்ற மாநிலங்களின் வேளாண் ஊர்களில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். பதினொருவரைத் திரட்ட முடியாத பள்ளிகள் பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஓர் அணி அமைக்கின்றன, அல்லது எண்மர் ஆட்டத்துக்கு மாறுகின்றன. இது புதிய தந்திரமும் அல்ல: ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் நெப்ராஸ்காவின் ஹீப்ரன் ஊரில் 1934ஆம் ஆண்டே அறுவர் ஆட்டத்தை உருவாக்கிவிட்டார். டெக்சஸின் மேற்குப் பகுதிகளில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆள் குறைவு என்பதால் மோதல் மென்மையாகிவிடும் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். திறந்த வெளியில் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதும் மோதல்தான். நடுவர் தட்டுப்பாடு இன்னொரு காரணம். 2018-19க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் எல்லாப் பள்ளி விளையாட்டுகளிலுமாகச் சுமார் 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாக அதே கூட்டமைப்பு கணக்கிட்டது. வெள்ளிக்கிழமை நடுவர் கிடைக்காமல் வியாழக்கிழமை ஆடிய அணிகள் பல.

அடுத்த தவறு, "111 பேரில் 110 பேர்" என்ற எண்ணைத் தவறாகப் படிப்பது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் ஆய்வுக் குழு 2017இல் வெளியிட்ட முடிவு அது: இறந்துபோன, என்.எஃப்.எல். என்ற தேசியத் தொழில்முறை லீக் வீரர்களின் மூளைகள் 111ஐ ஆராய்ந்தபோது 110இல், தொடர் அடிகளால் மூளை சிதையும் சி.டி.இ. என்ற நோய் தென்பட்டது. ஆனால் அவை குடும்பத்தார் முன்வந்து அளித்த மூளைகள். மறதி, சினம், மனச்சோர்வு என ஏதோ ஒன்றைக் கண்டு கலங்கிய குடும்பங்களே பெரும்பாலும் அளிக்க முன்வரும். ஆகவே ஆடுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் என்று அதைப் படிக்க இடமில்லை. அதே ஆய்வில், உயர்நிலைப் பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்தியவர்களின் மூளைகள் 14 மட்டுமே இருந்தன. அவற்றில் 3இல் நோய் இருந்தது. பள்ளி மாணவரைப் பற்றிப் பேசும்போது நாம் பார்க்க வேண்டிய எண் அதுதான், அதுவும் மிகச் சிறிய எண்ணிக்கை என்ற எச்சரிக்கையோடு. மறுபக்கத்தார் இதையே பிடித்துக்கொண்டு, ஒன்றும் நிறுவப்படவில்லை என்று கைகழுவுவதும் ஏற்கத்தக்கதல்ல. முப்பது வயதுக்குள் இறந்த, மோதல் விளையாட்டுகளில் ஈடுபட்ட 152 பேரின் மூளைகளை அதே குழு ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் 63இல் நோயின் தடம் இருந்தது. உயிரோடு இருப்பவரிடம் இந்நோயை உறுதியாகக் கண்டறிய இன்னும் வழியில்லாததால், மொத்த ஆட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு என்ற கணக்கு யார் கையிலும் இல்லை.

எல்லாவற்றிலும் ஆழமான தவறு என்று நான் கருதுவது, மூளை அதிர்ச்சிகளை (கன்கஷன்) மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது. தலையில் அடிபட்டு, கண் இருண்டு, தள்ளாடி நிற்பவனை எல்லோரும் பார்க்கிறார்கள். ஊடகமும் அவனையே காட்டுகிறது. ஆனால் அண்மைக்கால ஆய்வுகள் சுட்டுவது வேறு: சி.டி.இ. நோயோடு வலுவாகத் தொடர்புபட்டிருப்பது, கண்டறியப்பட்ட அதிர்ச்சிகள் எத்தனை என்பதைவிட, ஆண்டுக்கணக்கில் தலை வாங்கிய எல்லா அடிகளின் மொத்த விசை. எந்த அறிகுறியும் காட்டாத சிறு மோதல்களும் அந்தக் கணக்கில் சேரும். எதிரெதிரே குனிந்து நின்று, பந்து எடுபட்ட கணத்திலேயே முட்டிக்கொள்ளும் லைன்மேன்கள் ஒரு மாலையில் எத்தனை முறை மோதிக்கொள்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தலைக்கவசத்துக்குள் உணரி பொருத்தி எடுத்த ஓர் ஆய்வில், உயர்நிலைப் பள்ளி வீரர் ஒருவர் ஒரு பருவத்தில் சராசரியாக 650 அளவில் தலைமோதல்களை வாங்கியிருந்தார். இதில் "அடிபட்டதே இல்லை" என்று சொல்லும் மாணவரும் அடக்கம்.

இது புரிந்துவிட்டால், எதிர்காலம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதும் புரிந்துவிடும். விளக்கொளியில் வாரம் ஒருமுறை நடக்கும் போட்டியைக் காட்டிலும், யாரும் பார்க்காத செவ்வாய், புதன் மாலைப் பயிற்சிகளில்தான் பேரளவு மோதல்களைத் தவிர்க்க முடியும். கலிஃபோர்னியா 2014இல் இயற்றிய சட்டம், முழு மோதல் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாள், நாளொன்றுக்கு 90 நிமிடம் என்று கட்டுப்படுத்தியது. நியூ ஜெர்சி 2019இல் ஒரு படி மேலே போய், பருவ காலத்தில் வாரத்துக்கு 15 நிமிடம் மட்டுமே என்றது. விஸ்கான்சின் மாநிலத்தில் இத்தகைய விதி வந்தபின் பயிற்சிகளில் நேரும் மூளை அதிர்ச்சிகளின் விகிதம் பாதிக்கும் கீழே போனது. மோதாமல் பழகினால் போட்டியில் தோற்போம் என்று அஞ்சும் பயிற்சியாளர்களுக்கு டார்ட்மத் கல்லூரி நல்ல பதில்: 2010இல் பயிற்சியின்போது வீரரை வீரர் சாய்ப்பதையே நிறுத்திவிட்ட அந்த அணி, 2015இல் ஐவி லீக் என்ற கல்லூரிகள் கூட்டத்தின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டு அந்த லீக் முழுவதுமே பருவகால மோதல் பயிற்சியைக் கைவிட்டது.

சிறுவயதிலேயே சேர்த்தால்தான் தேறுவான் என்ற நினைப்பும் இந்த வெளிச்சத்தில் பிழையாகத் தெரியும். ஆடும் ஒவ்வோர் ஆண்டும் நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்த்துவதாக ஓர் ஆய்வு கணித்தது. ஏழு வயதில் தொடங்கியவனும் பதினான்கில் தொடங்கியவனும் பதினெட்டில் ஒரே அணியில் நிற்கலாம். தலைகள் சுமக்கும் கணக்கு மட்டும் ஒன்றல்ல. புகழ்பெற்ற தொழில்முறை வீரர் டாம் பிரேடி உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் மோதல் ஃபுட்பால் ஆடத் தொடங்கினார். அதனால் அவருக்குக் குறைந்தது எதுவுமில்லை.

நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. கூடுதல் மெத்தை உறைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. விஸ்கான்சின் பள்ளிகளில் செய்த ஆய்வில் அவற்றால் மூளை அதிர்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை. வரலாறு இன்னும் கசப்பானது. உறுதியான ஹெல்மெட் வந்தபின் அறுபதுகளில் வீரர்கள் தலையையே ஆயுதமாக்கி முட்டத் தொடங்கினார்கள். 1968இல் மட்டும் ஆட்டக் காயங்களால் 36 பேர் இறந்தார்கள். 1976இல் தலையால் முட்டிச் சாய்ப்பதைத் தடைசெய்தார்கள். அந்த ஆண்டு 34 பேர் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தார்கள். 1984இல் அது 5 ஆனது. 1990இல் நேரடிக் காயத்தால் ஒருவர்கூட இறக்கவில்லை. இடையில் ஹெல்மெட்டுக்குத் தரநிர்ணயம் வந்ததும் உதவியது என்றாலும், கழுத்தைக் காத்தது விதிமாற்றம்தான்.

தலையையே பார்த்துக்கொண்டிருப்பதால் வெயிலை மறப்பது, உயிரைக் குடிக்கும் தவறு. மாணவர் மரணங்களில் பெரும்பங்கு, மோதலோடு தொடர்பில்லாத இதயச் செயலிழப்பாலும் ஹீட் ஸ்ட்ரோக்காலும் நேர்பவை. ஹீட் ஸ்ட்ரோக் பெரும்பாலும் ஆகஸ்டு மாதப் பயிற்சியின் முதல் சில நாள்களில், உடல் வெயிலுக்குப் பழகும் முன், கனத்த உடலுள்ள லைன்மேன்களையே தாக்குகிறது. 2001இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் லைன்மேன் கோரி ஸ்ட்ரிங்கர் இறந்ததும் இப்படித்தான். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிறுவனம் வலியுறுத்துவது, முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது. ஐஸும் நீரும் நிறைந்த தொட்டியில் உடனே அமிழ்த்தினால் இதில் பிழைக்காதவர் அரிது. ஜார்ஜியா மாநிலம் 2012 முதல், வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் வெயிலையும் காற்றையும் சேர்த்து அளக்கும் அளவு 92 பாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளிப் பயிற்சியையே நிறுத்திவிடுகிறது. கோடிக்கணக்கில் அரங்கம் கட்டும் ஊரில் ஒரு தொட்டி வாங்க யோசிப்பது எனக்குப் புரிவதில்லை.

சட்டம் இருக்கிறது என்று நிம்மதி கொள்வது இன்னொரு தவறு. 2009இல் வாஷிங்டன் மாநிலம் இயற்றிய லிஸ்டெட் சட்டத்தைப் பின்பற்றி, 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் மூளை அதிர்ச்சி குறித்த சட்டங்களைக் கொண்டுவந்தன. பெரும்பாலானவற்றின் விதி இது: மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே மாணவரை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ ஒப்புதலின்றித் திரும்ப விடக் கூடாது. முதல் காயம் ஆறும் முன் இரண்டாம் அடி விழுந்தால் இளம் மூளை வீங்கி உயிர் போகும் அபாயம் உண்டு என்பதால் இது இன்றியமையாத விதி. ஆனால் ஐயம் யாருக்கு எழ வேண்டும்? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மூளை அதிர்ச்சி கண்ட பள்ளி வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் யாரிடமும் சொல்லவே இல்லை. பெரிதாகத் தோன்றவில்லை என்றார்கள் பலர். ஆட்டத்தை விட்டு வெளியேற மனமில்லை என்றார்கள் சிலர். ஆகவே பக்கவாட்டில் நின்று பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆங்கிலத்தில் கோச், அத்லெட்டிக் டிரெய்னர் என இருவேறு ஆள்களைக் குறிக்கும் சொற்களைத் தமிழில் நாம் பயிற்சியாளர் என்று ஒன்றாக்கிவிடுவதால் இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. ஆட்டம் கற்பிப்பவர் கோச். காயத்தைக் கண்டறிந்து முதலுதவி செய்யப் படித்துத் தேறியவர் டிரெய்னர். வெல்ல வேண்டிய கட்டாயமில்லாத இந்த இரண்டாமவர், நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் இல்லை.

ஃபிளாக் ஃபுட்பால் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்பாரும் உண்டு. இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினாலே ஆட்டக்காரர் பிடிபட்டதாகக் கொள்ளும் இந்த ஆட்டம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. பள்ளிகளில் அதை ஆடும் மாணவியர் 2022-23இல் சுமார் 21 ஆயிரம் பேர், மறு ஆண்டே சுமார் 43 ஆயிரம். ஆனால் பள்ளிச் சங்கங்கள் இதை அங்கீகரித்திருப்பது பெரும்பாலும் மாணவியருக்கான ஆட்டமாகவே. மோதல் ஆட்டத்திலிருந்து மாணவர்கள் இதற்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

கல்லூரி உதவித்தொகையை எண்ணி இசைவு தரும் பெற்றோர், பள்ளி வீரர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் கல்லூரி அணிகளில் இடம்பெறுகிறார்கள் என்பதையும், அவர்களிலும் கல்லூரி விளையாட்டின் கீழ்நிலையான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம். பருவம் தொடங்குமுன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் பொதுவாக அட்டவணையும் சீருடைக் கட்டணமும்தான் பேசப்படும். அங்கே எழுந்து, வாரத்தில் முழு மோதல் பயிற்சி எத்தனை நிமிடம், டிரெய்னர் எல்லாப் பயிற்சிகளுக்கும் வருவாரா அல்லது போட்டிக்கு மட்டுமா, இதயத்தை மீட்கும் ஏ.இ.டி. கருவி பூட்டிய அறைக்குள் இருக்கிறதா மைதான ஓரத்தில் இருக்கிறதா, ஐஸ் தொட்டியை ஆகஸ்டு முதல் நாளிலிருந்தே நிரப்பி வைப்பீர்களா என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மகனோடு மீண்டும் ஒருமுறை பேசலாம்.